வானத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

போன இதழில் ட்ரோன் பற்றிய ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்ததில் பலருக்குத் திருப்தி இல்லை. விமானி உள்ளே உட்கார்ந்து ஓட்டும் விமானமும், தரையில் எங்கோ உட்கார்ந்து ஓட்டும் விமானமும் ஒரே வானத்தில் பறந்தால் அவற்றை யார் ஒழுங்குபடுத்துவது, அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாமா என்று வரிசையாகக் கேள்விகள். இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: வானம் எவ்வளவு பெரியது! அதில் இரண்டு விமானங்கள் போய் மோதிக்கொள்ள வாய்ப்பே குறைவுதானே. இதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு?

இதே நம்பிக்கையில்தான் ஒரு காலம் வரை பறந்துகொண்டிருந்தார்கள். 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே, சுமார் 21,000 அடி உயரத்தில், டிடபிள்யூஏ விமானம் ஒன்றும் யுனைடெட் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டு 128 பேர் இறந்தார்கள். அத்தனை பெரிய வெட்டவெளியில் அவர்கள் நம்பியிருந்தது 'கண்ணால் பார்த்து விலகிக்கொள்' என்ற விதியை மட்டும்தான். அந்த விபத்து கிளப்பிய கோபத்தில்தான் 1958-இல் அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக்கென்று தனிச் சட்டமும் தனி அமைப்பும் வந்தன.

வானம் பெரியதுதான், ஆனால் யாரும் அதில் பரவலாகப் பறப்பதில்லை. எல்லோருக்கும் வேண்டியது அதே ஓடுபாதை, அதே சுருக்குவழி, எரிபொருள் மிச்சமாகும் அதே உயரம். அதனால்தான் ரேடார் பார்வையில் இருக்கும் விமானங்களுக்கிடையே பக்கவாட்டில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்துக்கு அருகே 3 கடல் மைல், மேலும் கீழுமாக 1,000 அடி என்று இடைவெளி வைக்கிறார்கள். 5 கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தாராளமாகத் தெரிகிறதா? மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு ஜெட் விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் அந்தத் தூரம் பதினெட்டு விநாடியில் தீர்ந்துவிடும். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கை அசைந்து, அப்புறம் விமானம் திரும்பவே பாதி நேரம் போய்விடும்.

ட்ரோன் பறக்கும் தாழ்ந்த உயரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? மருத்துவ ஹெலிகாப்டர், போலீஸ் ஹெலிகாப்டர், வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானம் எல்லாம் அங்கேதான். அந்த விமானிகளுக்கு உள்ளங்கை அகல ட்ரோன் கண்ணில் படவே படாது.

கேள்வி: எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்யும் காலத்தில், தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர் மட்டும் ஏன் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார்?

மைக் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது, அதனால் வரும் குழப்பம். அவர் முன்னால் இருக்கும் திரையை ஒரு நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு விமானமும் ஒரு சின்னப் புள்ளி, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நகரும் ஒரு லேபிள். அதில் விமானத்தின் அழைப்புப் பெயர், இப்போதைய உயரம், அனுமதித்த உயரம், வேகம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஒரு குட்டி அம்புக்குறி. அனுமதித்த உயரத்தை மட்டும் அவர் உள்ளிடுவார், மற்றதெல்லாம் தானாகவே வந்து நிற்கும். இரண்டு விமானங்கள் அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் இடைவெளியை இழக்கப்போகின்றன என்றால் அந்த லேபிள்கள் தாமாகவே நிறம் மாறி மின்னும். இன்னொரு மென்பொருள் இருபது நிமிடம் வரை முன்னோக்கிப் பார்த்து, இந்த இரண்டும் பின்னால் தகராறு செய்யும் என்று இப்போதே சொல்லிவைக்கும். தரையிறங்க வருபவர்களை வரிசைப்படுத்தி, யார் எத்தனை நிமிடம் தாமதிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்க ஒரு மென்பொருள். கடலுக்கு மேலே ரேடியோப் பேச்சே பெருமளவு குறைந்துவிட்டது. உத்தரவு எழுத்தாகப் போகும், விமானி ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்வார், அவ்வளவுதான்.

கடைசியில் முடிவெடுப்பதும் அதற்குப் பொறுப்பேற்பதும் மட்டும் மனிதரிடம் நிற்கிறது. அதையும் கம்ப்யூட்டருக்கே தள்ளிவிடலாம் என்ற யோசனை புதிதல்ல. 1980-களிலேயே அமெரிக்கர்கள் அதற்கான பெரிய திட்டத்தைத் தொடங்கினார்கள். ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து கட்டத் தொடங்கிய அந்த அமைப்பு, செலவும் தாமதமும் கழுத்தை நெரிக்க, 1994-இல் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

ஏன் அவ்வளவு கஷ்டம்? கணக்கு கஷ்டமில்லை. நூறு விமானங்களை மோதாமல் நகர்த்துவது இன்றைய கணினிக்குச் சாதாரணம். ஆனால் வானம் கணக்குப்படி நடந்துகொள்வதில்லை. எதிரே இடிமேகம், இருபது பாகை இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு விமானி கேட்பார். அதே மேகத்துக்காக அடுத்தவர் வலப்பக்கம் கேட்பார். ஒருவருக்குப் பயணியின் நெஞ்சுவலி, உடனே இறங்க வேண்டும். இன்னொருவர் சொன்ன உயரத்தைத் தவறாகக் கேட்டுக்கொண்டு வேறெங்கோ ஏறிக்கொண்டிருப்பார். இந்தக் களேபரத்தில் கணினி ஒன்றைச் சொல்லி, மனிதர் வேறொன்றைச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான சிக்கல். அடுத்த கேள்வியும் சரியாக அதையே தொடுகிறது.

கேள்வி: விமானத்துக்குள் இருக்கும் கருவி 'ஏறு' என்கிறது, அதே நேரம் கன்ட்ரோலர் 'இறங்கு' என்கிறார். விமானி யார் பேச்சைக் கேட்பார்?

இன்றைக்கு என்றால் கருவியை. சந்தேகமே இல்லாமல் கருவியை. ஆனால் இந்தப் பதில் இவ்வளவு தெளிவாக வந்து சேர 71 உயிர்கள் போயின.

2002 ஜூலை 1, நள்ளிரவுக்குச் சற்று முன், ஜெர்மனியின் ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் டிஎச்எல் சரக்கு விமானம் ஒன்றும் ஒரே 36,000 அடியில் ஒன்றையொன்று குறுக்கிடப் போய்க்கொண்டிருந்தன. அந்த வான்பகுதியைச் சுவிட்சர்லாந்தின் சூரிக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கன்ட்ரோலர். இன்னொருவர் ஓய்வுக்குப் போயிருந்தார், அது அங்கே வழக்கமாகவே இருந்தது. இவரோ இரண்டு திரைகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தார். பராமரிப்பு வேலை நடந்ததால் அந்த 'இரண்டு நிமிட' எச்சரிக்கை அன்றைக்குத் திரையில் மின்னவில்லை, முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை.

சிக்கலைக் கவனித்ததும் அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் இரண்டு விமானங்களிலும் இருந்த டிகாஸ் கருவிகள் பேசின. டிகாஸ் என்பது மோதலைத் தவிர்க்க விமானத்துக்குள்ளேயே இருக்கும் கருவி, எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை (கேட்டால் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடியோவில் பதிலாகச் சொல்லும் கருவி) தானே விசாரித்து, இருவரும் ஒரே பக்கம் விலகிவிடாதபடி எதிரெதிர்த் திசையில் ஆலோசனை சொல்லும். ரஷ்ய விமானத்துக்கு 'ஏறு' என்றது. சரக்கு விமானத்துக்கு 'இறங்கு' என்றது. சரக்கு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. ரஷ்ய விமானத்தில் கருவி ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி எடுத்துச் சொல்லியும், கன்ட்ரோலர் மறுபடி இறங்கச் சொன்னதால் அவர்களும் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் கருவியைக் கேட்டு, மற்றவர் மனிதரைக் கேட்டதால், இருவரும் சேர்ந்தே இறங்கி 35,000 அடிக்கு அருகே மோதிக்கொண்டார்கள்.

இதில் என்னை உறுத்துவது, ஒன்றரை வருடத்துக்கு முன்பே இதற்கு ஒத்திகை நடந்திருந்தது என்பதுதான். 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் இதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பின. அங்கேயும் கன்ட்ரோலர் ஒன்று சொன்னார், கருவி வேறொன்று சொன்னது, ஒருவர் மனிதரைக் கேட்டார், மற்றவர் கருவியைக் கேட்டார். அந்தத் தகவல் உலக விதியாக மாறுவதற்குள் ஊபர்லிங்கன் நடந்துவிட்டது.

அதற்குப் பிறகு விதி மூன்றாகத் தெளிவானது. கருவியின் ஆலோசனை வந்துவிட்டால் அதைத்தான் பின்பற்ற வேண்டும், கன்ட்ரோலர் சொன்னதற்கு எதிராக இருந்தாலும். விமானி அதை உடனே ரேடியோவில் அறிவிக்க வேண்டும். அறிவித்ததும் கன்ட்ரோலர் அந்த விமானத்தின் பாதையில் கை வைக்கக் கூடாது. கருவியின் மென்பொருளையும் திருத்தினார்கள், இரண்டும் ஒரே பக்கம் போவது தெரிந்தால் நடுவிலேயே திசையை மாற்றிச் சொல்லும்படி. ஏர்பஸ் இன்னும் ஒரு படி போய், ஆலோசனை வந்ததும் ஆட்டோபைலட்டே அதை ஓட்டும்படி செய்துவிட்டது.

ட்ரோன் கேள்வி எழுதிய எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், தானியக்கம் பற்றிய எந்தத் திட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். இரண்டு பேர், அல்லது இரண்டு மென்பொருள், இரண்டு விதமாகச் சொன்னால் எது செல்லும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்களா? அது இல்லாமல் எத்தனை படங்கள் போட்டிருந்தாலும் பயனில்லை.

கேள்வி: விமானியே உள்ளே இல்லாத விமானத்தில் 'பார்த்து விலகு' எப்படி? கேமரா போதாதா?

போதாது. பெரிய ரிமோட் விமானங்கள் செயற்கைக்கோள் வழியாகத்தான் ஓட்டுநரோடு பேசுகின்றன. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. படம் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி, ஓட்டுநரின் கட்டளை திரும்பிப் போகக் கால் விநாடி, நடுவில் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. அந்தத் தாமதத்தோடு கேமராவைப் பார்த்து அவசரமாக விலகுவதை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் 'கண்டறிந்து விலகு' என்று ஒரு கருவித் தொகுப்பையே வைக்கிறார்கள். ரேடார், எதிர் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் சிக்னல் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஓட்டுநருக்கு 'இந்தப் பக்கம் திரும்பினால் ஆபத்து, இந்தப் பக்கம் சரி' என்று காட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மனித விமானிகளின் விதியில் 'போதுமான அளவு விலகி இரு' என்றுதான் இருந்தது. எவ்வளவு என்று எண்ணே இல்லை, அது அவரவர் அனுபவத்துக்கு விடப்பட்டது. கணினிக்கு அனுபவம் என்று சொல்லிக்கொடுக்க முடியுமா? எனவே உட்கார்ந்து எண் போட்டார்கள். பெரிய ரிமோட் விமானங்களுக்கான அமெரிக்கத் தரத்தில் பக்கவாட்டில் 4,000 அடி, உயரத்தில் 450 அடி, நேரத்தில் 35 விநாடி என்று வந்தது. அறுபது எழுபது வருடமாக மனிதர்கள் குத்துமதிப்பாகச் செய்ததற்கு ஓர் அளவு கிடைத்தது, ட்ரோன் புண்ணியத்தில்!

டிகாஸுக்கு அடுத்த தலைமுறையாக ஏகாஸ்-எக்ஸ் என்ற குடும்பம் வந்திருக்கிறது. அதில் ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு வகை, சிறு ட்ரோன்களுக்கு இன்னொரு வகை. எந்த நிலையில் என்ன ஆலோசனை என்பதை முன்கூட்டியே பிரம்மாண்டமான அட்டவணையாகக் கணக்கிட்டு உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். பறக்கும்போது அது எதையும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை. நாளொரு மேனியாக மாறும் மென்பொருளுக்கு எந்த ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார்?

சிறிய ட்ரோனில் ரேடாரைச் சுமக்க இடமும் இல்லை, பேட்டரியும் இல்லை. ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோனில் ரத்தம் கொண்டுபோய் இறக்கும் ஸிப்லைன் நிறுவனம் அதற்கு மைக்ரோஃபோன்களைப் பயன்படுத்துகிறது. வேறு விமானத்தின் எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்து விலகிவிடும். ரேடியோ சிக்னலே அனுப்பாத பழைய குட்டி விமானத்துக்கும் சத்தம் உண்டு அல்லவா, அதனால் எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு.

கேள்வி: ஆயிரக்கணக்கான டெலிவரி ட்ரோன்கள் வந்தால் எத்தனை கன்ட்ரோலர்களை வேலைக்கு எடுப்பார்கள்?

ஒருவரைக்கூட எடுக்க மாட்டார்கள். தாழ்ந்த வானத்தில் கன்ட்ரோலரே கிடையாது என்று முடிவு செய்துதான் அந்த ஏற்பாட்டையே தொடங்கினார்கள். நாசாவில் பரிமல் கோபர்தேகர் தலைமையில் உருவாகி, 2019-இல் நகரங்களுக்குள் சோதித்துப் பார்த்த ட்ரோன் போக்குவரத்து மேலாண்மைத் திட்டத்தின் அடிப்படையே அதுதான்.

நடப்பது இப்படி. ஒரு நிறுவனம் ட்ரோனை அனுப்புவதற்கு முன், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை, இந்த அகலம், இந்த உயரத்துக்குள் என் ட்ரோன் இருக்கும் என்று வானத்தில் ஒரு பெட்டியை வரைகிறது. நீண்ட பயணம் என்றால் அடுத்தடுத்து பல பெட்டிகள், ட்ரோன் கடந்ததும் பின்னால் உள்ள பெட்டி காலாவதி. அந்த இடத்தில் வேறு யாராவது ஏற்கெனவே பெட்டி போட்டிருக்கிறார்களா என்று ஒரு பொதுச் சேவையிடம் கேட்கும். அந்தப் பொதுச் சேவையிடம் யாருடைய பயணத் திட்டமும் முழுதாக இருப்பதில்லை, 'அங்கே இன்னார் இருக்கிறார், விவரத்தை அவரிடம் கேள்' என்று மட்டும் சொல்லும். வியாபாரப் போட்டியாளர்கள் ஒருவர் குடுமியை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. பிறகு இரண்டு நிறுவனங்களின் கணினிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பெட்டிகள் இடித்தால், பிந்தி வந்தவர் நேரத்தையோ வழியையோ மாற்றிக்கொள்வார். மனிதக் குரல் எங்கும் இல்லை.

2024-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரப் பகுதியில் ஸிப்லைனும் விங் நிறுவனமும் ஒரே வான்பகுதியில், ஓட்டுநரின் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு, இந்த முறையில் பறக்க அனுமதி பெற்றன. ஐரோப்பாவில் 'யு-ஸ்பேஸ்' என்ற பெயரில் இதே போன்ற விதிகள் 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன.

பாருங்கள், இங்கே தானியக்கம் சுலபமாக வந்துவிட்டது. காரணம், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மனிதரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை, ட்ரோனுக்குள் ஆளும் இல்லை. பெரிய விமானங்களின் வானத்தில் இரண்டுமே தலைகீழ்.

கேள்வி: ட்ரோன் 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது என்கிறார்கள். எங்கிருந்து 120 மீட்டர்?

தரையிலிருந்து. ஆனால் இந்த எளிய கேள்விக்குள் ஒரு பூதம் ஒளிந்திருக்கிறது. விமானங்கள் உயரத்தை அளப்பது காற்றழுத்தத்தை வைத்து, அதாவது மேலே போகப்போக அழுத்தம் குறைவதை வைத்து. ட்ரோன்களில் பல ஜிபிஎஸ் உயரத்தைச் சொல்லும், அல்லது புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். காற்றழுத்தத்தின் அலகு ஹெக்டோபாஸ்கல், தாழ்ந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் சுமார் 27 முதல் 30 அடி மாறும். ஒரு ஹெலிகாப்டர் விமானி உயரம் காட்டும் கருவியில் அன்றைய அழுத்த எண்ணைப் பத்து தவறாக வைத்துவிட்டால் அவர் நினைக்கும் உயரத்துக்கும் உண்மை உயரத்துக்கும் முந்நூறு அடிக்குக் கிட்டத்தட்ட வித்தியாசம். ட்ரோனுக்கு அனுமதித்த மொத்த உயரமே 400 அடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் மட்டும் யோக்கியமா? அது கணக்கிடும் அடிப்படை உயரம் பூமியை ஒரு வழவழப்பான முட்டை வடிவமாக வைத்துக்கொண்ட கணிதப் பரப்பிலிருந்து. உண்மைக் கடல்மட்டம் அதிலிருந்து விலகும். இலங்கைக்குத் தெற்கே உள்ள கடல்பகுதியில் இந்த விலகல் 100 மீட்டருக்கும் மேல், உலகிலேயே அதிகமாக அங்கேதான் தாழ்ந்திருக்கிறது. திருத்தம் போட்டுக்கொள்ளலாம், போடுகிறார்கள். ஆனால் ஒருவர் போட்டு மற்றவர் போடாவிட்டால் 'நான் மேலே, நீ கீழே' என்று இரண்டு கணினிகள் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு அர்த்தமே இல்லை. எல்லோரும் ஒரே அளவுகோலுக்கு வரும் வரை ட்ரோன்களையும் ஹெலிகாப்டர்களையும் உயரத்தால் மட்டும் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பக்கவாட்டில் பிரிப்பதே மேல்.

கேள்வி: ரிமோட் இணைப்பு நடுவானில் அறுந்துவிட்டால்?

விமானம் முன்பே எழுதிவைத்த வழியில் தானாகப் போகும். குறிப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சுற்றும், இணைப்பு வரவில்லையென்றால் குறிப்பிட்ட நிலையத்தில் இறங்கும். டிரான்ஸ்பாண்டரில் 7400 என்ற எண் எழும். விமானியுள்ள விமானத்தில் ரேடியோ போனால் 7600 போடுவது போல. கன்ட்ரோலருக்கு அது போதும். அடுத்து அது என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும், மற்ற விமானங்களை ஒதுக்கிவிடுவார். என்ன செய்யும் என்று தெரியாத விமானம்தான் ஆபத்து, ஓட்டுநர் இருக்கிறாரா இல்லையா என்பது இரண்டாம்பட்சம்.

கேள்வி: மொபைல் ஆப்பில் எல்லா விமானங்களும் தெரிகின்றன. ட்ரோன்களிலும் அதே கருவியை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

நீங்கள் ஆப்பில் பார்ப்பது பெரும்பாலும் ஏடிஎஸ்-பி சிக்னல். விமானம் தன் இடம், உயரம், வேகத்தை விநாடிக்கு ஓரிரு முறை எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபரப்புகிறது. பெரும்பாலும் எல்லோரும் பேசுவது 1090 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். டிகாஸ் கருவிகளுக்கு வரும் பதில்களும் அதே அலைவரிசையில்தான். ஒரு நகரத்தின் அத்தனை ட்ரோன்களும் அதில் கத்தத் தொடங்கினால் விமானங்களின் குரல் அமுங்கிவிடும். அதனால்தான் அமெரிக்க விதி சிறு ட்ரோன்களில் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பைப் பொதுவாகத் தடை செய்கிறது. பதிலுக்கு ரிமோட் ஐடி என்று வேறு ஏற்பாடு. வைஃபை அல்லது ப்ளூடூத்தில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் தூரத்தில், ட்ரோன் தன் அடையாளத்தையும் இடத்தையும் சொல்லும். ஓட்டுநர் எங்கே நிற்கிறார் என்பதையும் சொல்லும், போலீஸுக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்று, ஏடிஎஸ்-பி சிக்னலில் பூட்டும் இல்லை முத்திரையும் இல்லை. விமானம் சொல்வதை அப்படியே நம்புகிறோம். ஜிபிஎஸ் சிக்னலை யாராவது ஏமாற்றினால் விமானமே தான் வேறெங்கோ இருப்பதாக நம்பி, அதையே உலகத்துக்கும் அறிவிக்கும். போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகே இது அடிக்கடி நடக்கிறது. அதனால் ரேடாரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: முழுதும் தானியங்கியாக்கிவிட்டு ஒருநாள் அது படுத்துவிட்டால்?

2023 ஆகஸ்ட் 28-ஐப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் பிரிட்டனின் கணினிக்கு வந்தது. திட்டத்தில் ஒரு தவறும் இல்லை. ஆனால் வழியில் இருந்த இரண்டு குறியிடங்களுக்கு ஒரே மூன்றெழுத்து, டிவிஎல். ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்ஸின் டோவில். பிரிட்டன் வான்வெளியை விட்டு விமானம் எங்கே வெளியேறுகிறது என்று தேடிய மென்பொருள் தப்பான டிவிஎல்லைப் பிடித்துக்கொண்டு, கணக்கு ஒத்துவராமல் திகைத்தது. தவறான தகவலைக் கன்ட்ரோலருக்குக் கொடுப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று எழுதப்பட்டிருந்ததால், நின்றுவிட்டது. சரி, மாற்றுக் கணினி இருக்கிறதே? இருந்தது. அதே மென்பொருள், அதே பயணத் திட்டம், அதே திகைப்பு. அரை நிமிடத்துக்குள் இரண்டும் படுத்துவிட்டன.

விமானம் எதுவும் விழவில்லை, மோதவில்லை. திட்டங்களைக் கையால் ஏற்ற வேண்டியிருந்ததால் போக்குவரத்தை ஒரேயடியாகக் குறைத்தார்கள், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அல்லாடினார்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டை வைத்துக்கொண்டு 'ஒன்று போனால் இன்னொன்று' என்று சொல்வது ஏமாற்று வேலை, மாற்று ஏற்பாடு வேறு மாதிரி சிந்திப்பதாக இருக்க வேண்டும். இன்றைய நிலையில் அப்படி வேறு மாதிரி சிந்திப்பது கன்ட்ரோலர்தான்.

கேள்வி: அப்படியானால் கணினி ஓட்டட்டும், மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிக்கட்டும். இது நியாயம்தானே?

கேட்க நியாயமாக இருக்கிறது, மனித மூளை ஒத்துழைக்காது. 1948-லேயே நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ரேடார் பணியாளர்களுக்காக இதைச் சோதித்தார். ஒரு முள் விட்டுவிட்டு நகரும், எப்போதாவது ஒரு முறை இரட்டிப்பாகத் தாவும், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிந்து, தாவல்களைத் தவறவிட்டார்கள். எதுவும் நடக்காத திரையை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடக்கும் அந்த ஒரு விநாடியில் முழுப் படத்தையும் மனதில் பிடித்துக் காப்பாற்று என்று யாரிடமும் கேட்க முடியாது. சாதாரண, சிக்கலில்லாத விமானங்களைக் கணினியிடம் முழுதாகவே கொடுத்துவிட்டு, சிக்கலானவற்றை மனிதரிடம் முழுதாகவே விட்டுவிடும் யோசனையை ஐரோப்பாவில் ஆராய்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. மனிதருக்கு அரை வேலை கொடுப்பதைவிடக் குறைவான ஆனால் முழு வேலை கொடுப்பது நல்லது.

கேள்வி: விமானியே இல்லாத பயணிகள் விமானம் வந்தால் ஏறுவீர்களா?

முதலில் சரக்குப் பெட்டிகள் பத்து வருடம் போய் வரட்டும்.

கேள்வி: என் மகள் கன்ட்ரோலர் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். அவள் படித்து முடிப்பதற்குள் அந்த வேலையே இருக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

உறவினர்களை விடுங்கள், வேலை இருக்கும். இடம் மாறலாம். ஸ்வீடனில் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையத்தை 2015 முதல் வேறொரு ஊரிலிருந்து கேமராத் திரைகளைப் பார்த்தே நடத்துகிறார்கள். லண்டன் சிட்டி விமான நிலையத்துக்கும் 2021 முதல் டவரில் ஆள் இல்லை, தொலைவில் உள்ள ஸ்வான்விக் மையத்திலிருந்துதான் எல்லாம். வேலையின் தன்மையும் மாறும். பேசுவது குறையும், கணினி போட்ட கணக்கு எங்கே உதைக்கிறது என்று மோப்பம் பிடிப்பது கூடும். ஆக, மகள் கணிதமும் இயற்பியலும் நன்றாகப் படிக்கட்டும், ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பதறாமல் இருக்க முடிகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளட்டும். ஆங்கிலத்தை ஒத்திப்போட வேண்டாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை பேச்சுத் திறன் வேண்டும், நான்காம் நிலையிலேயே நிற்பவர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுத வேண்டிவரும். நேரே ஆறாம் நிலையைப் பிடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.